அல்லூர்த் தண்ணீர் எங்கே போகிறது?

சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு படிக்கிறவர்கள். கோயில் மண்டபத்தின் பின்னறையில் உட்காருவோம். ஆறும் நீர்த் தூய்மைக்கேடும் பற்றிய பாடம் வந்தபோது பிள்ளைகள் தங்கள் சொல் பட்டியலை எடுத்து வைத்தார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி, துணையாறு, கழிமுகம், வண்டல், கழிவுநீர், கரைந்த உயிர்வளி (ஆக்சிஜன்). எல்லாவற்றுக்கும் விளக்கம் ஒப்பிக்கத் தெரிந்திருந்தது. சரி, நாம் எந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறோம் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் மட்டும், "அது காட்டுல இருக்கும் டீச்சர், அங்கயெல்லாம் நாம போகக் கூடாது" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கம் போனால் 'காவாசான் தாடஹான் ஆயர்' (மலாயில் நீர்ப்பிடிப்புப் பகுதி) என்று பலகை வைத்து, உள்ளே நுழையத் தடை என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் வேலி போட்ட இடம். தான் நிற்கிற மண்டபம், அம்மா துணி துவைக்கிற பின்கட்டு, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிற திடல் எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

பாடத்தை மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தண்ணீரைக் குடித்தோம், இதிலேயே குளித்தோம். கழிவை இதில் விட்ட ஆலைகளிலும் நாம்தான் வேலை செய்தோம். தண்ணீரைப் பற்றிய பாதி அறிவு எங்கள் வீடுகளிலேயே கிடக்கிறது. ஆனால் அதைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாததால், "தண்ணி நாறுது" என்பதற்கு மேல் எங்கள் புகார் போனதே இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊரில் பாதிப் பேர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். சிலாங்கூர் ஆறு எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. தித்திவாங்சா மலைத்தொடரில், பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாரு வழியாக இறங்கி, எங்களைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. சுமார் 110 கிலோமீட்டர். சிலாங்கூரும் கோலாலம்பூரும் குடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றின் தண்ணீர். அதை எடுக்கிற பெரிய நீரேற்று இடங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கின்றன. மலாயில் அதற்கு 'மூக்கா சாவுக்' என்று பெயர். தலைநகரத்து மாடி வீட்டுக் குழாயில் விழுகிற தண்ணீர் எங்கள் பக்கம் வந்துவிட்டுத்தான் போகிறது என்று சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நீர்ப்பிடிப்பை விளக்க எனக்கு உதவியது பழைய லயத்து வீட்டின் தகரக் கூரை. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை முன்வாசல் டிரம்முக்கு வரும், அந்தப் பக்கம் விழுந்தது பின்வாசலுக்குப் போகும். டிரம்முக்குத் தண்ணீர் தருகிற கூரைப் பாதி முழுவதும் அந்த டிரம்மின் நீர்ப்பிடிப்பு. கூரையில் எங்கே காக்கை எச்சமிட்டாலும் டிரம்மில்தான் வந்து சேரும். சிலாங்கூர் ஆற்றுக்கு முகடு தித்திவாங்சா. பிரேசர் மலையில் மேற்கே சரிந்த மழை எங்களிடம் வருகிறது. கிழக்கே சரிந்தது பகாங் ஆற்றோடு சேர்ந்து தென் சீனக் கடலுக்குப் போகிறது. ஒரே மேகம் பெய்த மழை இரண்டு கடல்களுக்குப் பிரிகிறது.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடுகிற அல்லூரிலிருந்து, அதாவது வடிகாலிலிருந்து, நடக்க ஆரம்பித்தோம். கடைவரிசையின் பின்பக்கம் உணவுக்கடை எண்ணெய் அதில் சேர்கிறது. கொஞ்சம் தள்ளி மோட்டார் பட்டறை. அதற்குப் பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பாரிட் என்கிற வாய்க்கால், அங்கிருந்து ஆறு. அல்லூர் என்பது வீட்டுக் கழிவு போய் மறைகிற இடம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அது மறைவதே இல்லை, ஆற்றின் விரல் நுனி அது என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு பெண்பிள்ளை வரைபடத்தை வைத்துக்கொண்டு துணையாறுகளை எழுதி வந்தாள். கெர்லிங், பத்தாங் காலி, செரண்டா, ராவாங், கோங், செம்பா, குண்டாங். அதில் பாதி, நம் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்ப் பெயர்கள். "அப்பன்னா ராவாங் அத்தை வீட்டு அல்லூர்த் தண்ணியும் இங்கதான் வருதா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், இங்கேதான் வருகிறது.

அவள் எழுதிய பட்டியலில் கோங் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ராவாங் பக்கம் அந்தச் சின்ன ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. மற்றப் பொருள்களைக் கரைக்கப் பயன்படுத்துகிற வேதித் திரவமான கரைப்பானின் வாடை. சுங்கை கோங்கிலிருந்து சுங்கை செம்பாவுக்கு வந்து, அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கு இறங்கியது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோல சிலாங்கூர் மாவட்டமும் அதில் உண்டு. கையை அடிக்கடி கழுவுங்கள் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த கோவிட் காலம் அது. தண்ணீர் லாரிக்கு முன்னால் வாளியோடு நின்றது பிள்ளைகளுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது, பெற்றோருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

வாடை வந்ததற்கு ஏன் நிலையத்தையே மூட வேண்டும் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சுத்திகரிப்பு நிலையத்தில் நடக்கிற வழக்கமான வேலை இதுதான். படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரள வைப்பது, அடியில் படிய விடுவது, மணலில் வடிகட்டுவது, குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்வது. கரைப்பான் தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது, அது படியாது, மணலிலும் நிற்காது. அதைப் பிடிக்கத் தூளாக்கிய கரி போன்றது வேண்டும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. வாடையையும் அளந்துதான் சொல்கிறார்கள். வாடையில்லாத தண்ணீரைக் கலந்துகொண்டே போய், எந்த அளவில் மூக்குக்கு எட்டாமல் போகிறது என்று பார்ப்பார்கள். செய்திகளில் 'டன்' (TON, வாடை எல்லை எண்) என்று வந்த எண் அதுதான், எடையைக் குறிக்கிற டன் அல்ல. நிலையத்தை மூடியது அதிகாரிகளின் சோம்பல் என்று அன்றைக்குப் பலரும் திட்டினார்கள். மூடாமல் விட்டிருந்தால்தான் திட்டியிருக்க வேண்டும். கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் ராவாங்கில், ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்தது.

அமோனியா பாடத்தை நடத்தியது நான் அல்ல. பேத்தியை விட வந்த ஒரு பாட்டி வெளித்திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், பழைய பால்மரக் காட்டு (ரப்பர் தோட்டத்து) தொழிலாளி. அமோனியா என்ற சொல் காதில் விழுந்ததும், "பால் ஸ்டோருல ஊத்துவாங்களே, மூடியத் தொறந்தா கண்ணு எரியுமே, அதுவா டீச்சர்?" என்றார்.

"அதேதான் பாட்டி. எதுக்கு ஊத்துவாங்க?"

"பாலு கட்டாம இருக்கத்தான். கட்ட வைக்கணும்னா ஆசிட்டு."

பிள்ளைகள் பாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டி சொன்ன ஆசிட்டு, பார்மிக் அமிலம். அமோனியாவை மூக்காலும் கண்ணாலும் தெரிந்து வைத்திருந்தவருக்கு மேற்கொண்டு தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆற்றில் வருகிற அமோனியா கண்ணை எரிக்காது, அவ்வளவு நீர்த்திருக்கும். மனிதக் கழிவு, கோழிப்பண்ணை, குப்பைமேட்டு ஊறல், உரம் இவற்றிலிருந்து அது வரும். சுத்திகரிக்கும் இடத்தில் போடுகிற குளோரின் கிருமியிடம் போவதற்கு முன்னால் அமோனியாவோடு சேர்ந்துவிடும். இன்னும் போடு, இன்னும் போடு என்று குளோரின் தேவை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் சுத்திகரிக்க எடுக்கிற ஆற்றுநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா இருக்கக் கூடாது என்று சுகாதார அமைச்சு அளவு வைத்திருக்கிறது. ஜோகூரில் சிம்பாங் ரெங்கமும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்தான். குப்பைமேட்டின் ஊறல் சுங்கை பெனூட்டில் கலந்து, அமோனியா ஏறி, அங்கே சுத்திகரிப்பு நிலையத்தைத் திரும்பத் திரும்ப மூட வேண்டியதாயிற்று. அந்த ஊர் மக்கள் தண்ணீருக்காகப் பட்ட பாடு செய்தித்தாளில் ஓரத்தில்தான் வந்தது. தலைநகரத்துக் குழாய் நின்றால் வருகிற எழுத்து பெரிது. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இனி உயிர்வளி. பட்டியலில் பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்த சொல் இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மீன் சுவாசிக்கிற காற்று தண்ணீரில் கரைந்திருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகைத் தண்ணீரில், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் கரைய முடியும். குளிர்ந்த நாட்டு ஆறுகளில் இதைவிட அதிகம் கரையும். நம் ஆறுகளுக்குக் கையிருப்பே குறைவு. இந்தக் கையிருப்பைத் தின்கிறது அழுகும் பொருள். சோறு, எண்ணெய், மலம், இலை எதுவானாலும், அதை அழுக வைக்கிற நுண்ணுயிர்கள் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும்.

செம்பனை ஆலைக் கழிவுநீர் இதற்குத் தெளிவான உதாரணம். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் குறைந்தது இரண்டரை டன் கழிவுநீர் வரும். பழுப்பாக, கொதிக்கக் கொதிக்க, புளித்துப்போய் இருக்கும். அதில் நஞ்சு எதையும் கலப்பதில்லை. பழத்தை வேகவைத்துப் பிழிந்த தண்ணீர்தான் அது. ஆனால் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் மீன் சாகும், மூச்சுமுட்டிச் சாகும். வீட்டுக் கழிவுநீர் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் உயிர்வளி கேட்கும் என்றால், இது 25,000 அளவுக்குக் கேட்கும். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். 1978-இல் 5,000 வரை விடலாம் என்று தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு இறுக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருப்பது இதற்காகத்தான். அந்தக் குளங்களில் குமிழி விட்டுக்கொண்டிருப்பது மீத்தேன். இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பல நாடுகளில் இந்த உயிர்வளித் தேவையை அளக்கத் தண்ணீரை 20 பாகையில் ஐந்து நாள் வைப்பார்கள். நம் செம்பனை விதிகளில் 30 பாகையில் மூன்று நாள். நம் ஆறு எந்தச் சூட்டில் ஓடுகிறதோ அந்தச் சூட்டிலேயே அளக்கிறார்கள். எனக்கு இதில் பெருமை உண்டு.

அப்புறம் அல்லூர் மீன்கள். தோட்டத்தில் பிள்ளைகள் என்ன பிடிப்பார்கள்? விரால், கெளுத்தி, செப்பாட், பனையேறிக் கெண்டை. இந்த நான்கும் மேலே வந்து வெளிக்காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. எங்கள் அல்லூர்களில் உயிர்வளி எப்போதும் குறைவாகவே இருந்திருக்கிறது என்பதை இந்த மீன்கள் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. நாங்கள் அவற்றைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், சொன்னதைக் கேட்கவில்லை.

மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "டீச்சர், திலாப்பியா எல்லாம் வாயத் தொறந்துகிட்டு மேல மேல வருது. யாரோ மருந்து ஊத்திட்டாங்க!" எல்லாரும் போய்ப் பார்த்தோம். திலாப்பியாதான் தவித்தது, விரால் அமைதியாக இருந்தது. நஞ்சு என்றால் விராலும் தவித்திருக்கும் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். இரவு மழை, நாள்கணக்கில் அல்லூரில் கிடந்த அழுக்கையும் அடிச்சேற்றையும் ஒரே மூச்சில் கிளறி விட்டிருக்கிறது. உயிர்வளி இறங்கிவிட்டது. வெயில் ஏறியதும் மீன்கள் பழையபடி ஆகிவிட்டன. உடனே ஓர் ஆலையைக் கைகாட்டியிருந்தால், அடுத்த முறை நிஜமாகவே ஏதாவது நடக்கும்போது எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? புகார் சொல்லக் கற்கிறவர்கள் எதைப் புகார் என்று சொல்லக் கூடாது என்றும் கற்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

வண்டல் என்ற சொல்லுக்கு எங்கள் ஆற்றிலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. பழைய கோலகுபு நகரத்தில் 1883-இல் அணை உடைந்து ஊர் அடித்துப்போயிற்று. ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் படிந்து படிந்து, வெள்ளத்துக்கு மேல் வெள்ளம் வந்தது. 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஊரையே மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். கோலகுபு பாரு என்பதில் இருக்கிற 'பாரு' அப்படி வந்தது. இன்றைக்குச் செம்பனையை வெட்டி மறுநடவு செய்யும்போதும், தாமான் (குடியிருப்பு) கட்ட மண்ணைத் திறந்து போடும்போதும் அதே வேலை சின்ன அளவில் நடக்கிறது. தேத்தண்ணி நிறத்தில் அல்லூர் ஓடினால் மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

மண் தனியாகவும் வருவதில்லை. மருந்தடிக்கிற பெண்கள் முதுகில் சுமந்த பாராகுவாட் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் பொருள். மண் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. ஆற்றங்கரையில் மரமும் புல்லும் விட்டுவைக்க வேண்டும் என்பது இந்த மண்ணை வழியிலேயே நிறுத்தத்தான். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்பக் கணக்கு இருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். பிள்ளைகள் அளவு நாடாவோடு போனார்கள். சில இடங்களில் செம்பனை மட்டை நேராகத் தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தது.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கையைப் பெரியவர்களிடம் மாற்றுவதுதான் சிரமம். "எங்க காலத்துல கெணத்துத் தண்ணி கண்ணாடியா இருக்கும்" என்பார்கள். இருந்திருக்கும். அதே காலத்தில் வயிற்றுப்போக்கும் இருந்தது. கிருமிக்கு நிறமில்லை, அமோனியாவுக்கும் நிறமில்லை. சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடுகூட ஆறு விஷயங்களைத்தான் பார்க்கிறது. கரைந்த உயிர்வளி, அழுகும் பொருளின் உயிர்வளித் தேவை, வேதிப்பொருளின் உயிர்வளித் தேவை, அமோனியா, மிதக்கும் திண்மம், அமிலத் தன்மை. 81-க்கு மேல் சுத்தம், 60-க்குக் கீழே அசுத்தம். கன உலோகமும் பூச்சிமருந்தும் அந்த எண்ணுக்குள் வராது. அறிக்கையில் 'சுத்தம்' என்று இருக்கிறதே என்று யாராவது வாயை அடைத்தால், எதை அளந்தார்கள் என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆறு கடலில் சேர்கிற கழிமுகத்தைப் பார்க்க எல்லாரும் வேனில் கோல சிலாங்கூருக்குப் போனோம். இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறினோம். அந்த மின்மினிகள் பெரும்பாலும் பெரெம்பாங் மரங்களில் கூடுகின்றன. புழுவாக இருக்கும்போது கரைச்சேற்று நத்தைகளைத் தின்று வளர்கின்றன. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சரியான அளவில் கலக்கிற இடத்தில்தான் அந்த மரமும் நத்தையும் இருக்கும். மேலே இருந்து வருகிற தண்ணீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும்.

இனி மலாய்ச் சொற்கள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பிள்ளைகளின் அறிவியல் மலாய்க்கு மாறிவிடும். புகார் செய்வதும் மலாயில்தான். இதில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நோட்டில் நடுவே கோடு போட்டு, மேல்பக்கம் என்றால் ஹூலு, கீழ்பக்கம் என்றால் ஹிலிர், கலங்கல் என்றால் கெரோ, நுரை என்றால் பூயே, வாடை என்றால் பாவ் என்று எழுதினார்கள். ஹூலுவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை, உலு சிலாங்கூர் பக்கத்து மாவட்டம்தானே. யாரிடம் சொல்வது என்பதையும் எழுதினார்கள். தொழிற்சாலைக் கழிவு என்றால் சுற்றுச்சூழல் துறை. ஆற்றுத் தண்ணீர் என்றால் 1999 முதல் இருக்கிற சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம், லுவாஸ். மலக்கழிவு என்றால் இண்டா வாட்டர். அடைத்துக்கொண்ட அல்லூர் என்றால் ஊராட்சி மன்றம். தவறான இடத்தில் சொன்ன புகார் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு மாதிரிப் புகார் ஒன்று எழுதச் சொன்னேன். "தண்ணி நாறுது" என்று தொடங்கியவர்கள் எழுதி முடித்தபோது அதில் நேரம் இருந்தது. எந்தப் பாலத்துக்கு ஹூலு பக்கம் என்று இருந்தது. நிறம், வாடை, நுரை தனித்தனியாக இருந்தன. முந்தின நாள் மழை பெய்ததா என்று இருந்தது. எந்த மீன் செத்தது, எது சாகவில்லை என்று இருந்தது. பால் ஸ்டோர் பாட்டி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மொதல்ல மேல்பக்கம் போய்ப் பாத்துட்டு வந்தீங்களான்னு ஒரு வரி போடுங்க" என்றார். போட்டார்கள்.

எங்கள் வரைபடத்தில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. புதிய தாமானின் இரண்டு கான்கள் (வடிகால்கள்) ஓரிடத்தில் சேர்ந்து சிமெண்டுக் குழாய்க்குள் போகின்றன, எங்கே வெளியே வருகின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மழையில் ஒரு கானில் பச்சை எலுமிச்சம்பழமும் இன்னொன்றில் மஞ்சள் எலுமிச்சம்பழமும் போட்டு, பாரிட் ஓரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்பதாகத் திட்டம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரந்தாவ் பஞ்சாங் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊர் அல்லூர்கள் எந்தத் துணையாற்றில் சேர்கின்றன என்று எழுதி அனுப்பினால், அதையும் பிள்ளைகள் வரைந்து சேர்த்துக்கொள்வார்கள்.